மணமக்கள் விவரக்குறிப்பு: விளம்பரமா, சாட்சியமா?



சென்ற மாதம் ஒருநாள் இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தித் தம் கைப்பேசியை நீட்டினார். மகனுக்காகத் திருமணச் செயலி ஒன்றில் கணக்குத் தொடங்கியிருக்கிறார். மூன்று மாதங்களாகியும் பெண் வீட்டார் ஒருவர்கூட விருப்பம் தெரிவிக்கவில்லை. உறவினர் யாரோ அவருக்கு ஓர் ஆலோசனைக் குறிப்பை அனுப்பியிருந்தார். சுயவிவரத்தைக் கவர்ச்சியாக அமைப்பது எப்படி என்பது அதன் பொருள். முகத்தில் நல்ல வெளிச்சம் விழும்படி எடுத்த படத்தைப் போட வேண்டும். பயணம், சமையல், உடற்பயிற்சி எனப் பொழுதுபோக்குகளைச் சொல்ல வேண்டும். குறைகள் எதையும் எழுதக் கூடாது. பார்ப்பவரின் ஆவலைத் தூண்டும்படி சிலவற்றை மறைத்து வைக்க வேண்டும். இப்படிப் பத்துக் கட்டளைகள் அதில் இருந்தன.

"தம்பி, இதன்படி கொஞ்சம் எடுப்பாக எழுதிக் கொடுங்கள். உங்களுக்குத்தான் எழுத்து வரும்" என்றார்.

நான் மறுத்துவிட்டேன். அவர் முகம் வாடியது. ஒரு சிறிய உதவியைக்கூடச் செய்ய மனமில்லாதவன் என்று எண்ணியிருப்பார். அவருக்குச் சொன்ன காரணத்தை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கும் சொல்வது கடமை என்று கருதியே இதை எழுதுகிறேன். ஏனெனில், எடுப்பாக எழுதிக் கொடுத்த குற்றத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை செய்திருக்கிறேன்.

நான் எழுதிய நான்கு வரிகள்

ஆண்டுகள் சில ஆகிவிட்டன. நண்பர் ஒருவரின் தம்பி வளைகுடா நாடு ஒன்றில் வேலை பார்த்து வந்தார். கிடங்கில் சரக்குகளை எண்ணிப் பதிவு செய்யும் வேலை. ஐவேளைத் தொழுகையாளி, உழைப்பாளி, வீட்டுக்குத் தவறாமல் பணம் அனுப்புகிறவர். இவ்வளவும் உண்மை. ஆனால், இந்த உண்மை போதாது என்று அவருடைய குடும்பத்தார் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைத்தேன். 'சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் நிர்வாகப் பொறுப்பு, நல்ல ஊதியம், மணமகளை விரைவில் உடன் அழைத்துச் செல்வார், எதிர்பார்ப்பு எதுவுமில்லை' என்று நான்கு வரிகள் எழுதிக் கொடுத்தேன். அவை ஒரு திருமணத் தளத்தில் ஏறின. அதன்பின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றின. ஆறு வாரங்களில் பேச்சு முடிந்தது.

பெண் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் முடித்தவர். பள்ளி ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தார். கணவருடன் வெளிநாடு செல்லப்போகிறோம் என்று நம்பி அந்த வேலையை விட்டுவிட்டார். நிக்காஹ் முடிந்து நாற்பது நாட்களில் மாப்பிள்ளை விமானம் ஏறினார். குடும்ப விசா எடுப்பதற்கு ஊதிய வரம்பு உண்டு என்பதும், அவருடைய சம்பளம் அந்த வரம்புக்கு வெகு கீழே இருந்தது என்பதும் பெண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் என்றார்கள். உண்மை ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு, அதே கிடங்கில் வேலை பார்த்த வேறொருவரின் மனைவி வழியாக வந்தது.

ஜமாஅத்தில் விசாரணை நடந்தபோது நானும் ஒரு மூலையில் அமர்ந்திருந்தேன். அந்தச் சகோதரி திரைக்குப் பின்னாலிருந்து சொன்ன சொற்களை இன்றுவரை மறக்க இயலவில்லை. "கிடங்கில் வேலை பார்ப்பது ஹலாலான பிழைப்புத்தானே? அதைச் சொல்லியிருந்தால் யோசித்துச் சம்மதித்திருப்பேன். ஊரிலேயே இருங்கள், இரண்டு பேரும் சேர்ந்து சம்பாதிப்போம் என்றுகூடச் சொல்லியிருப்பேன். இப்போது அவர் என்ன சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நம்பிக்கை இல்லாத வீட்டில் நான் எப்படி இருப்பேன்?"

அந்த நிக்காஹ் குலாவில் முடிந்தது. அந்த நான்கு வரிகளை எழுதியவன் யார் என்று சபையில் எவரும் கேட்கவில்லை. பல மாதங்கள் கழித்து நானே அந்தப் பெண்ணின் தந்தையைத் தேடிச் சென்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுதியது உங்கள் பிழை, விசாரிக்காமல் நம்பியது என் பிழை. அல்லாஹ் நம் இருவரையும் மன்னிக்கட்டும். ஆனால், நாம் இருவருமே எதையும் இழக்கவில்லை, இழந்தவள் அவள்தான்" என்றார்.

ஈரத் தானியத்தைக் கீழே வைப்பவர்கள்

கடைத்தெருவில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சியை நம் குழந்தைகள்கூட மதரஸாவில் படிக்கிறார்கள். மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று நபியவர்கள் கேட்டார்கள். ஏமாற்றுகிறவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமன்று. நனைந்ததை அடியில் வைத்ததே குற்றமாயிற்று.

ஒரு மரக்கால் தானியத்துக்கே இந்தச் சட்டமென்றால், ஒருவரோடு ஆயுள் முழுவதையும் பிணைக்கும் ஒப்பந்தத்துக்கு எந்தச் சட்டம் பொருந்தும்? குறைந்த ஊதியம் குற்றமன்று. கருத்த நிறம் குற்றமன்று. சர்க்கரை நோயும் முதல் திருமணம் முறிந்ததும் குற்றமல்ல. அவற்றை அடியில் தள்ளி, உலர்ந்ததை மட்டும் மேலே பரப்பிக் காட்டுவதைத்தான் மார்க்கம் தடுக்கிறது. அந்த ஆலோசனைக் குறிப்பு பத்துக் கட்டளைகளில் கற்றுக்கொடுப்பதும் இதையே.

தனக்குக் கிடைக்காத ஒன்றைக் கிடைத்ததுபோலக் காட்டிக்கொள்பவர், பொய்யால் ஆன இரண்டு ஆடைகளை உடுத்தியவரைப் போன்றவர் என்றும் நபியவர்கள் கூறியிருக்கிறார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இந்த அறிவிப்பு உண்டு. கணவன் மனைவியரை ஒருவருக்கொருவர் ஆடை என்று குர்ஆன் (2:187) வருணிக்கிறது. அந்த ஆடையைத் தேடிப் புறப்படும்போதே பொய்யாடையை உடுத்திக்கொண்டு போகலாமா?

நிக்காஹ் குத்பாவையும் எண்ணிப் பாருங்கள். அங்கே வழக்கமாக ஓதப்படும் வசனங்களுள் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 70-ஆம் வசனமும் ஒன்று. அல்லாஹ்வை அஞ்சி நேர்மையான சொல்லைச் சொல்லும்படி அது ஏவுகிறது. ஹஜ்ரத் அதை ஓதும்போது பந்தலில் அனைவரும் அமைதியாகக் கேட்கிறோம். அந்தப் பந்தல் வரை நம்மைக் கொண்டுவந்த விவரக்குறிப்பில் நேர்மையான சொல் எத்தனை இருந்தது என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

உம்மு ஸலமா (ரலி) அவர்களின் சுயவிவரம்

"உண்மையைச் சொன்னால் யார் வருவார்?" என்பதே இதற்கு வரும் முதல் எதிர்வாதம். அன்று அந்தப் பெரியவரும் இதைத்தான் கேட்டார்.

உம்மு ஸலமா (ரலி) அவர்கள் கணவர் அபூஸலமா (ரலி) அவர்களை இழந்து விதவையாக இருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் ஹாத்திப் பின் அபீபல்தஆ (ரலி) அவர்கள் வழியாக அவர்களைப் பெண் கேட்டு அனுப்பினார்கள். உலகில் எந்தப் பெண்ணுக்கும் இதைவிட உயர்ந்த வரன் வர முடியாது. இன்றைய ஆலோசகர்களாக இருந்தால், வாயைத் திறக்காதே, வாய்ப்பு நழுவிவிடும் என்றிருப்பார்கள். அந்த அன்னையோ, தமக்கு மகள் இருப்பதையும், தாம் ரோஷ உணர்வு மிகுந்தவர் என்பதையும் தாமே முன்வந்து தெரிவித்தார்கள். நபியவர்கள் பின்வாங்கவில்லை. மகளின் பொறுப்புக்காகவும், ரோஷம் நீங்குவதற்காகவும் அல்லாஹ்விடம் பிரார்த்திப்பதாகச் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது.

இறைநம்பிக்கையாளர்களின் அன்னை ஒருவர் தம்மைப் பற்றிக் கொடுத்த விவரம் இப்படி இருந்தது. எதனால் பின்னர் சிரமம் வரக்கூடுமோ அதையே முதலில் சொன்னார்கள். சொன்னதால் அந்தத் திருமணம் நின்றுபோகவில்லை.

மற்றொரு பக்கத்தையும் பாருங்கள். மணவிலக்குப் பெற்று இத்தா முடிந்திருந்த ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை முஆவியா (ரலி), அபூஜஹ்ம் (ரலி) இருவரும் பெண் கேட்டிருந்தார்கள். அந்த அம்மையார் நபியவர்களிடம் ஆலோசனை கேட்டபோது, முஆவியா வசதியற்றவர் என்றும், அபூஜஹ்ம் தோளிலிருந்து கம்பைக் கீழே வைக்காதவர் என்றும் வெளிப்படையாகச் சொல்லி, உஸாமா (ரலி) அவர்களை மணந்துகொள்ளும்படி கூறினார்கள். புறம் பேசுவதை வன்மையாகக் கண்டித்த அதே நாவுதான் இதையும் சொன்னது. திருமண ஆலோசனையில் உண்மையைக் கூறுவது தடுக்கப்பட்ட புறம் ஆகாது என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியிருப்பதும் இதன் அடிப்படையில்தான். மற்றவர் குறையையே சொல்ல வேண்டிய இடம் இது என்றால், தன் குறையைத் தானே மறைப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

உண்மையை எழுதினால் வரன்கள் குறைவது மெய்தான். நூறு பேர் பார்த்து ஐவர் கேட்கலாம். ஆனால், திருமணம் ஒருவரோடுதான் நடக்கப்போகிறது. உண்மை தெரிந்தால் விலகிச் செல்லக்கூடிய தொண்ணூற்றைந்து பேரை நிக்காஹ் வரை இழுத்துவருவதால் யாருக்கு இலாபம்? அவர்கள் எப்படியும் விலகத்தான் போகிறார்கள். முன்னதாக விலகினால் ஒரு தொலைபேசி அழைப்போடு போயிற்று. பின்னர் விலகினால் தஃப்தரில் எழுதிய பெயரை ஜமாஅத்தில் உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருக்கும்.

சொல்ல வேண்டியதும் மறைக்க வேண்டியதும்

இங்கே ஒரு தெளிவு தேவை. உண்மை பேசு என்பதன் பொருள், வாழ்வில் செய்த பாவங்களையெல்லாம் பட்டியலிட்டு ஊருக்குக் காட்டு என்பதன்று. அல்லாஹ் மறைத்துவைத்த பாவத்தைத் தானே வெளிப்படுத்தித் திரிவதை நபியவர்கள் கண்டித்திருக்கிறார்கள். பெண் கேட்டு வந்தவரிடம் தன் சகோதரியின் பழைய பாவத்தைச் சொன்ன ஒருவரை உமர் (ரலி) அவர்கள் கடுமையாகக் கண்டித்த செய்தி முவத்தாவில் இருக்கிறது. தவ்பாச் செய்து திருந்திய ஒருவரின் கடந்த காலம் அவருக்கும் அவருடைய இரட்சகனுக்கும் இடையே உள்ளது. அதைத் துருவித் துருவிக் கேட்கும் உரிமை எந்த மாப்பிள்ளை வீட்டாருக்கும் பெண் வீட்டாருக்கும் கிடையாது. கைப்பேசி எண்ணை வைத்துச் சமூக ஊடகத்தில் பத்தாண்டுப் பழைய பதிவுகளைத் தோண்டுகிறவர்களும் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

அளவுகோல் எளிமையானது. இணையப்போகிறவரின் உரிமையையும் அன்றாட வாழ்வையும் எது பாதிக்குமோ அதைச் சொல்லியாக வேண்டும். முந்தைய நிக்காஹ், அதில் பிறந்த பிள்ளைகள், தொடர்ந்து மருந்து உட்கொள்ளும் நோய், குழந்தைப் பேற்றைப் பற்றி மருத்துவர் ஏற்கெனவே கூறியது, பெரிய கடன், உண்மையான வேலை, மனைவி எங்கே யாருடன் வசிக்க வேண்டியிருக்கும் என்பது ஆகியன இதில் அடங்கும். மறைக்கப்பட்ட சில கடுமையான குறைகளால் திருமண ஒப்பந்தத்தையே முறிக்கும் உரிமை பிறக்கும் என்பதை நம் ஃபிக்ஹு நூல்கள் தனியே விவாதித்திருக்கின்றன. நம் முன்னோர் இதை எவ்வளவு பெரிய விஷயமாகக் கருதினார்கள் என்பதற்கு இதுவே போதும்.

எல்லாவற்றையும் பொதுவெளியில் எழுத வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் மருத்துவ விவரம் ஆயிரம் பேர் பார்க்கும் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. முதல் திருமணம், பிள்ளைகள், வேலை, வசிப்பிடம் ஆகியவை குறிப்பிலேயே இருக்கட்டும். நோய், கடன் போன்றவற்றை, இரு வீட்டாரும் மேற்கொண்டு பேச விரும்பும் முதல் கட்டத்திலேயே, நாள் குறிப்பதற்கு வெகு முன்பாக, பொறுப்பாளர் வாயிலாகத் தெரிவித்துவிட வேண்டும்.

நம் குறிப்புகளில் வழங்கும் பொய்ச் சொற்கள்

நம் சமுதாயத்தின் விவரக்குறிப்புகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவற்றில் ஒரு தனி அகராதி வழங்குவது தெரியும்.

'மார்க்கப்பற்றுள்ள மணமகள் தேவை' என்கிறது ஒரு குறிப்பு. நான்கு காரணங்களுக்காகப் பெண் மணமுடிக்கப்படுகிறாள், மார்க்கமுடையவளைத் தேர்ந்துகொள் என்ற நபிமொழியை மேலே எழுதியும் விடுகிறார்கள். அதற்குக் கீழேயே நிறம், உயரம், வயது, எடை, குடும்ப வசதி என்று நிபந்தனைகள் வரிசையாக நிற்கின்றன. மார்க்கப்பற்றுக்கு மட்டும் அளவு எதுவும் இல்லை. ஃபஜ்ருக்கு எழும் பழக்கம் உண்டா, வட்டிக்கடன் இல்லாத வாழ்க்கையா, கோபம் வந்தால் நாவு எப்படி இருக்கும் என்று எவரும் எழுதுவதுமில்லை, கேட்பதுமில்லை.

'நல்ல நிறம்' என்பது அடுத்த சொல். அரபியருக்கும் அரபியரல்லாதவருக்கும், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இறையச்சத்தாலன்றி மேன்மை இல்லை என்ற போதனையை மேடைதோறும் முழங்குகிறோம். 2020-ஆம் ஆண்டில், இந்தியர்கள் பெருமளவில் பயன்படுத்தும் ஷாதி டாட் காம் என்ற திருமணத் தளம், பயனாளர்களின் கோரிக்கை மனுவுக்குப் பின் தோல் நிறத்தைக் கொண்டு தேடும் வசதியை நீக்கியது. வணிக நிறுவனம் ஒன்று நீக்கிவிட்ட அளவுகோலைப் பிலால் (ரலி) அவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டும் நாம் கையால் எழுதிச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது சொல், 'எதிர்பார்ப்பு இல்லை'. இதைவிடப் பெரிய பொய் நம் விவரக்குறிப்புகளில் இல்லை; நான் எழுதிய நான்கு வரிகளிலும் இது இருந்தது. எழுத்தில் இல்லை என்பார்கள். பேச்சில் 'உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதை நாங்கள் தடுக்கவா முடியும்' என்பார்கள். கைக்கூலி என்ற சொல் போய், சீர் என்றும் அன்பளிப்பு என்றும் பெயர் மாறியிருக்கிறது. பெண்ணின் தந்தை கடன் வாங்குவது மாறவில்லை. குர்ஆன் (4:4) மஹரைக் கொடுக்கும்படி ஆணுக்குத்தான் கட்டளையிடுகிறது. நாட்டின் சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் முஸ்லிம்களின் மஹரை வரதட்சணை என்ற வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. 1986-இல் சேர்க்கப்பட்ட 4-ஏ பிரிவு, திருமணத்துக்கு ஈடாகப் பணமோ சொத்தில் பங்கோ தருவதாக விளம்பரம் செய்வதையே குற்றமாக்கியிருக்கிறது. 'ஒரே மகள், வசதியான குடும்பம், சொந்த வீடு மகளுக்கே' என்று எழுதுகிற பெற்றோர் தாம் எந்த எல்லையில் நிற்கிறோம் என்பதை ஒருகணம் யோசிக்க வேண்டும்.

நிழற்படம் என்னும் அமானிதம்

பெண் பார்ப்பதை இஸ்லாம் தடுக்கவில்லை. ஒரு பெண்ணை மணம் பேசியிருந்த முஃகீரா (ரலி) அவர்களிடம், அவரைப் பார்த்துக்கொள்ளும்படியும், உங்களிடையே இணக்கம் நிலைக்க அது ஏற்றது என்றும் நபியவர்கள் சொன்னதாகத் திர்மிதீயில் உள்ளது. மணமுடிக்க எண்ணுகிறவருக்கு உரிய அனுமதி இது. அவருடைய நண்பர் வட்டத்துக்கோ தரகரின் கைப்பேசிக்கோ உரியதன்று.

ஆனால், நடப்பது என்ன? முகத்தைச் செயலி கொண்டு வெளுப்பாக்கி, கண்ணைப் பெரிதாக்கி, பருவை அழித்து ஒரு படத்தை ஏற்றுகிறார்கள். நேரில் பார்க்க வருகிறவர்கள் படத்தில் இருந்த பெண்ணைத் தேடுகிறார்கள். தன்னைத் தன் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அந்தப் பார்வையை எதிர்கொள்ளும் பிள்ளையின் மனநிலையைப் பெற்றோர் எண்ணிப் பார்த்ததுண்டா? அந்த அவமானத்தை அவளுக்குத் தேடிக் கொடுத்தது வந்தவர்கள் மட்டுமா?

இன்னொன்றும் நடக்கிறது. வாட்ஸ்அப் வரன் குழுக்களில் பெயர், ஊர், தந்தையின் எண் ஆகியவற்றோடு பெண்பிள்ளைகளின் படங்கள் ஒரு குழுவிலிருந்து மற்றொரு குழுவுக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. திருமணமாகிக் குழந்தை பெற்ற பின்னும் அந்தப் படம் சுற்றுகிறது; கணவர் வீட்டுக்கே வரன் கேட்டு அழைப்பு வருகிறது. குழு நடத்துகிறவர்கள் சேவை செய்வதாக நினைக்கிறார்கள். அல்லாஹ் அவர்களின் எண்ணத்துக்குக் கூலி கொடுக்கட்டும். ஆனால், படத்தை அனைவருக்கும் அனுப்புவது சேவையாகாது. விவரம் மட்டும் குழுவில் இருக்கட்டும். படம், உண்மையாகவே கேட்கும் குடும்பத்துக்குப் பொறுப்பாளர் வழியாகக் காட்டப்படட்டும். முடிவானதும் குறிப்பை அழிக்கும் பொறுப்பைக் குழு நடத்துகிறவரே ஏற்கட்டும்.

கதவை மூடச் சொல்பவர்களுக்கு

இதையெல்லாம் படித்துவிட்டு, 'அதனால்தான் இணையமே வேண்டாம் என்கிறோம்' என்று சில சகோதரர்கள் சொல்லக்கூடும். அவர்களோடும் நான் உடன்படவில்லை.

உறவும் தரகரும் ஊர்ப் பெரியவர்களும் உள்ள குடும்பத்துக்கு இணையம் தேவைப்படாமல் இருக்கலாம். கைம்பெண்ணுக்கும், மணவிலக்குப் பெற்றவருக்கும், புதிதாக இஸ்லாத்தைத் தழுவி உறவை இழந்து நிற்பவருக்கும், முப்பது வயதைக் கடந்துவிட்டதால் தரகர்கள் பெயரையே எடுக்காத சகோதரிக்கும் வேறு எந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம்? துணையற்றவர்களுக்கு மணமுடித்து வையுங்கள் என்று குர்ஆன் (24:32) சமுதாயத்தை நோக்கிக் கட்டளையிடுகிறது. அந்தக் கடமையை நாம் செய்யவில்லை. தாமே வழி தேடுகிறவர்களைக் குறை சொல்ல மட்டும் முன்னால் நிற்கிறோம்.

காதலுக்கும் பொழுதுபோக்குக்கும் ஆள் தேடும் செயலிகளை நான் இங்கே ஆதரிக்கவில்லை. அவற்றுக்கும் திருமணத் தளத்துக்கும் நோக்கமே வேறு. நம் அரசுகூட 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், திருமணத் தளங்கள் தாங்கள் பொழுதுபோக்குப் பழக்கத்துக்கான தளங்கள் அல்ல என்று அறிவிக்க வேண்டும் என்றும், பயனாளரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்றும் கூறியது. ஆயினும் அறிவிப்பால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. பொறுப்பாளருக்குத் தெரியாமல் மாதக்கணக்கில் நள்ளிரவு உரையாடல் நீண்டால், அது எந்தத் தளத்தில் தொடங்கியிருந்தாலும் தடுக்கப்பட்ட பாதைதான். நேரில் பார்க்கும் முன்பே பரிசுப் பொட்டலம் சுங்கத்தில் நிற்கிறது, மருத்துவச் செலவு என்று பணம் கேட்கும் 'மாப்பிள்ளை' மோசடிக்காரர். அவருக்காகத் துஆச் செய்ய வேண்டாம், காவல்துறையில் புகார் செய்யுங்கள்.

எழுதுவது யார் என்பதையும் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். மகளுக்குத் தெரியாமலே அவளுடைய குறிப்பு எத்தனையோ வீடுகளில் எழுதப்படுகிறது. தந்தை தம் விருப்பத்துக்கு மாறாக மணமுடித்து வைத்ததாக முறையிட்ட கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களின் திருமணத்தை நபியவர்கள் ரத்துச் செய்தார்கள். சம்மதத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்த மார்க்கத்தில், தன்னைப் பற்றி எழுதப்பட்டதைப் படித்துப் பார்க்கும் உரிமைகூடப் பிள்ளைக்கு இல்லையா?

அன்று எழுதியது

அந்தப் பெரியவரை வருத்தத்தோடு அனுப்பிவிட மனமில்லை. மறுநாள் அவர் வீட்டுக்குச் சென்றேன். மகனையும் உடன் அமரச் சொன்னேன். முதலில் அவரே தம்மைப் பற்றிச் சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டு, சொன்னதை அப்படியே எழுதினோம்.

சொந்தமாக இருசக்கர வாகனப் பழுது பார்க்கும் கடை. வருமானம் மாதத்துக்கு மாதம் கூடும் குறையும். கடைக்காக உறவினரிடம் வாங்கிய வட்டியில்லாக் கடனில் பாதி பாக்கி. பெற்றோரோடு ஒரே வீட்டில் வசிக்க வேண்டும், தாய்க்கு மூட்டுவலி, அவர்களைக் கவனிப்பது தன் கடமை, மனைவியின் மேல் சுமத்தும் எண்ணமில்லை. ஜும்ஆவும் நான்கு வேளையும் ஜமாஅத்தோடு, ஃபஜ்ர் சில நாள் வீட்டில். கொஞ்சம் கோபக்காரர், விரைவில் தணிந்துவிடுவார். மஹர் இவ்வளவு தர முடியும். பெண் வீட்டிலிருந்து பணமோ நகையோ பொருளோ எந்தப் பெயரிலும் வாங்குவதில்லை. மனைவி படிக்கவோ வேலைக்குப் போகவோ விரும்பினால் பேசி முடிவு செய்யலாம். விசாரிக்க விரும்புகிறவர்களுக்கு இமாமின் எண்ணும் பக்கத்துக் கடைக்காரரின் எண்ணும், அவர்கள் அனுமதி பெற்றுத் தரப்படும். படம், கடை வாசலில் சென்ற வாரம் எடுத்தது.

'ஃபஜ்ர் சில நாள் வீட்டில்' என்பதைத் தந்தை அடிக்கச் சொன்னார். மகன், "இருக்கட்டும் அத்தா, உண்மைதானே" என்றார். சற்று நேரம் கழித்து, "இனி அதையும் சரிசெய்துவிடுகிறேன், அப்போது மாற்றி எழுதலாம்" என்றும் சொன்னார். தன்னைப் பற்றி உண்மையை எழுத உட்காருகிறவருக்குத் தன்னைத் திருத்திக்கொள்ளும் எண்ணமும் வருவதை அன்று பார்த்தேன்.

இதுவரை இரண்டு குடும்பங்கள் பேசியிருக்கின்றன. ஒருவர், கூட்டுக் குடும்பம் தங்கள் மகளுக்கு ஒத்துவராது என்று மரியாதையாகச் சொல்லி விலகிக்கொண்டார். மற்றொருவர் இமாமிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார். முடிவு அல்லாஹ்வின் நாட்டப்படி நடக்கும். எது நடந்தாலும், அந்த வீட்டுக்கு வரப்போகும் பெண் எந்த வீட்டுக்கு வருகிறோம் என்று தெரிந்தே வருவாள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளின் விவரக்குறிப்பை இன்று ஒருமுறை திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரியையும், நாளை ஜமாஅத்தில் சம்பந்தி முன்னால் உரக்கப் படிக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியாத வரி எதுவோ அதை இப்போதே அழித்துவிடுங்கள். மறுமையில் அதைப் படித்துக் காட்டப்போகும் ஏடு வேறு இருக்கிறது.

வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வணிகத்தில் பரக்கத் உண்டாகும் என்று நபியவர்கள் நற்செய்தி கூறியிருக்கிறார்கள். ஒரு கொடுக்கல் வாங்கலுக்கே அந்த பரக்கத் கிடைக்குமென்றால், உண்மையின் மேல் தொடங்கும் நிக்காஹுக்கு அதைவிட அதிகமாக ரப்புல் ஆலமீனிடம் எதிர்பார்க்கலாம். நம் பிள்ளைகளின் இல்லங்களை ஸகீனத்தால் நிரப்புவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.